ஒத்தப் புள்ளித் திருத்தத்துக்கெல்லாம் எவ்வளவு நேரம் ஒக்காந்து பாக்கறதுங்க?

தறிச்சத்தம் (சோமனூர்):

வணக்கமுங்க. ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் கட்டி மேய்க்கிறவங்க நாலு பேராவது இங்க இருக்கீங்க. உங்ககிட்ட ஒரு ரோசனை கேக்கோணும்.

பகல்ல பீளமேட்டுல ஒரு கம்பெனில வேலை. ராத்திரியும் ஞாயித்துக்கிழமையும் என்ற சொந்தச் சோலி. கூலிக்குத் தறி ஓட்டறவங்களுக்கு நூல் கணக்குப் பாக்கற சின்ன மென்பொருள் ஒண்ணை எழுதி, யாரு வேணா எடுத்து மாத்திக்கலாம்ங்கற எம்ஐடி லைசென்ஸ்ல, நிரலைப் பொதுவுல வெக்கிற கிட்ஹப் தளத்துல போட்டிருக்கேன். ஜவுளிக்காரர்கிட்டிருந்து பாவும் ஊடை நூலும் எவ்வளவு வந்துச்சு, காடாத் துணியா எத்தனை மீட்டர் திரும்பிப் போச்சு, அதுக்கு எவ்வளவு நூல் பிடிச்சிருக்கோணும், சேதாரம் எவ்வளவு. அவ்வளவுதான் அதோட வேலை. கருமத்தம்பட்டி, மங்கலம், பல்லடம் பக்கம் சில பேர் வெச்சு ஓட்டறாங்க. நிரலை விட வழிகாட்டிதான் பெருசு. படிக்கிறவரு கம்ப்யூட்டர்காரர் இல்லீங்க, தறிக்குடோன்ல கணக்கு எழுதறவரு. அதனால தமிழ்லயும் இங்கிலீசுலயும் வெலாவாரியா எழுதி வெச்சிருக்கேன்.

கொஞ்ச நாளா இந்த வழிகாட்டிக்கு மட்டும் பிஆரா (மாத்தி எழுதி, ‘இதைச் சேத்துக்கங்க’ன்னு அனுப்பற கோரிக்கை) வந்து குவியுது. எல்லாம் காலேஜ் பசங்கன்னு புரொஃபைலைப் பாத்தாலே தெரியுது. ஒண்ணுல ரெண்டு ஸ்பேஸை ஒரு ஸ்பேஸ் ஆக்கியிருப்பாங்க. இன்னொண்ணுல கிட்ஹப்ங்கற பேர்ல நடு எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியிருப்பாங்க. வேறொருத்தர் பட்டியல்ல ஒவ்வொரு வரிக்குக் கடைசிலயும் புள்ளி வெச்சு அனுப்புவாரு. அடுத்த வாரம் இன்னொருத்தர் வந்து அந்தப் புள்ளியை எடுத்துட்டு அனுப்புவாரு! புதுசா வர்றவங்கன்னா மென்பொருள் உடையலையான்னு தானாப் பாக்கற டெஸ்ட் ஓட நான்தான் போயி அனுமதிப் பட்டனை அமுக்கோணும். அது ஓடி முடியற வரைக்கும் வேற சோலி பாத்துட்டு, மறுக்கா வந்து மெர்ஜ் பண்ணி உள்ள சேக்கோணும்.

சரி, சின்னதுதானேன்னு கண்ணை மூடிட்டு ஏத்துக்கலாம்னா அதுவும் முடியறதில்லை. நூல் நம்பர்னா என்னன்னு வழிகாட்டில ஒரு பத்தி இருக்குது: 840 கஜம் கொண்ட சிட்டம் எத்தனை சேந்தா ஒரு பவுண்டு எடை வருதோ, அதுதான் அந்த நூலோட நம்பர். 40-ம் நம்பர்னா ஒரு பவுண்டுல 33,600 கஜம். ஒரு பையன் ‘எழுத்துப்பிழைத் திருத்தம்’னு தலைப்புப் போட்டு, கஜத்தையெல்லாம் மீட்டர் ஆக்கி அனுப்பிட்டான். யார்டு பழைய அளவாம். மென்பொருள் என்னமோ சரியாத்தான் கணக்குப் போடும். ஆனா இந்தப் பத்தியைப் பாத்து எக்செல்ல சூத்திரம் எழுதி வெச்சிருக்கற கணக்குப்பிள்ளைங்க இருக்காங்களே. 100 கிலோ பிடிக்கிற துணிக்கு 91.4 கிலோ போதும்னு காட்டும். மிச்சம் எட்டரைக் கிலோவை எங்கய்யா கொண்டு போனேன்னு ஜவுளிக்காரர் நெய்யறவரைத்தான் கேப்பாரு. மூணு இடத்துல ஒத்தை வார்த்தை மாத்தின பிஆருங்க அது.

இன்னொண்ணு வந்து கிடக்குது. அதுதான் மண்டையைக் காய வெக்குது. ஊர்ப் பட்டியல் இருக்கற பக்கத்துல ஒரு அம்பது வரி மாத்தியிருக்கறதா காட்டுது. பழைய வரியைக் காட்டற சிவப்புலயும் ‘சோமனூர்’, புது வரியைக் காட்டற பச்சைலயும் ‘சோமனூர்’. சிவப்புலயும் ‘கொடுவாய்’, பச்சைலயும் ‘கொடுவாய்’. எத்தனை தடவை உத்துப் பாத்தாலும் ஒரு வித்தியாசமும் இல்லை. ‘கொம்பு சரி பண்ணினேன்’னு ஒரே வரி. கணக்குக் காட்டறதுக்குன்னு சும்மா தட்டி விட்டதா, இல்லை நெசமாவே ஏதாவது இருக்குதா?

நீங்கெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீங்க? ஒட்டுக்கா மூடிறலாமா? ஆசையா வர்ற பசங்க மனசு நோகாமப் பாத்துக்கவும் வேணும்.

----------

பெருந்துறை வாத்தியார்:

தம்பி, பசங்க பக்கம் இருந்து பேசறேன்னு நெனைச்சுக்காதீங்க. நான் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல பாடம் எடுக்கறவன். இந்த வியாதி எங்கிருந்து வருதுன்னு தெரியும்.

ரெஸ்யூம்ல ‘ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு’ன்னு ஒரு வரி இருந்தா பிளேஸ்மென்ட்ல மதிப்புன்னு எவனோ சொல்லி வெச்சிருக்கான். அக்டோபர் வந்தா இன்னும் மோசம். ஹேக்டோபர்ஃபெஸ்ட்னு டிஜிட்டல்ஓஷன் கம்பெனி 2014-ல ஆரம்பிச்சது. நாலு பிஆர் போட்டா ஒரு டி-சர்ட். நல்ல எண்ணத்துலதான் ஆரம்பிச்சாங்க. 2020-ல ஒரு யூடியூப் வீடியோவைப் பாத்துட்டு, கண்ட ரெபாசிட்டரிலயும் (புராஜெக்ட்டோட கோப்புங்க இருக்கற இடம்) போயி, ரீட்மீங்கற அறிமுகக் கோப்புல ‘அருமையான புராஜெக்ட்’னு ஒரு வார்த்தையைச் சேத்து பிஆரா அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. புராஜெக்ட்டை மேய்க்கிற மெயின்டெய்னருங்க கொதிச்சுப் போயி, அந்த அக்டோபர்லயே விதி மாறுச்சு: எங்களைச் சேத்துக்கங்கன்னு சொன்ன ரெபாசிட்டரிக்கு அனுப்பினா மட்டும்தான் கணக்கு. 2023-ல டி-சர்ட்டையே நிறுத்திட்டு டிஜிட்டல் பேட்ஜுக்குப் போனாங்க.

பனியனைக் கிலோக் கணக்குல விக்கிற திருப்பூரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒரு டி-சர்ட்டுக்கு இந்தப் பாடாடான்னு வகுப்புலயே கேட்டிருக்கேன். ‘சார், அது கடைல கெடைக்காதே’ங்கறான்.

2024 தொடக்கத்துல, இணையத்தளம் கட்டறவங்க பயன்படுத்தற எக்ஸ்பிரஸ் ஜேஎஸ்ஸுக்கு வந்த கூத்து ஞாபகம் இருக்கும். பிஆர் அனுப்பறது எப்படின்னு சொல்லித் தர்ற ஒரு வீடியோல அந்த ரெபாசிட்டரியை உதாரணமாக் காட்டிட்டாங்க. பாத்தவங்கள்ல பல பேர் ரீட்மீல தன் பேரை எழுதி நெசமாவே அங்க அனுப்பி வெச்சுட்டாங்க. உலகமே நம்பி ஓட்டற புராஜெக்ட்டுக்கே அந்தக் கதின்னா உங்க நூல் கணக்கு எம்மாத்திரம்.

என்ற கருத்து: பங்களிப்பு விதி எழுதற கோப்புல ‘ஒத்தை எழுத்து, புள்ளி, ஸ்பேஸ் திருத்தங்களை ஏத்துக்கறதில்லை’ன்னு ஒரு வரி போடுங்க. அதுக்கு மேல வந்தா படிக்காமயே மூடுங்க. அந்த சோமனூர் சோமனூர் பிஆரும் அதே ரகம்தான். ஸ்பேம்னு லேபிள் ஒட்டுங்க, அடங்கிருவானுங்க.

----------

பவானிக்கரை (கோபி):

வாத்தியார் சார் சொன்ன வரலாறு சரி. தீர்ப்புதான் எனக்கு ஒப்பலைங்க. முக்கியமா கடைசி வரி. அதுக்குக் கடைசில வர்றேன்.

நான் நிரல் எழுதறவ இல்லை. பெரிய மென்பொருள் ஒண்ணோட ஆவணங்களைத் தமிழாக்கற குழுவுல ரொம்ப வருசமா இருக்கேன். ரிவ்யூதான் பொழப்பு. சில்லறைத் திருத்தம் எத்தனையோ பாத்தாச்சு.

பிஆர் வந்ததும் எத்தனை எழுத்து மாறுச்சுன்னு நான் எண்றதில்லை. இந்த வரியை நம்பி ஒருத்தர் கையை வெச்சா என்ன ஆகும்னுதான் பாப்பேன். எண், அளவு, கட்டளை, கோப்புப் பாதை, தேதி, ‘செய்யலாம்’ங்கறது ‘செய்யக் கூடாது’ன்னு ஆனது, இதுல எது மாறியிருந்தாலும் அது எழுத்துப்பிழை கணக்குல வராது. நிரல் மாறின மாதிரியே நெனைச்சு நிதானமாப் பாப்பேன். உங்க 840 கஜம் அந்த ரகம். அதுக்கு ஒரு கைவைத்தியம் சொல்றேன். வழிகாட்டி எழுதியிருக்கற மார்க்டவுன் கோப்புல அந்தப் பத்திக்கு மேல, பக்கத்தைப் படிக்கிறவங்களுக்குத் தெரியாத மாதிரி ஒரு கமென்ட் எழுதி வெச்சிருங்க: ‘இது கஜம்தான். பருத்தி நூல் நம்பர் கஜத்துலயும் பவுண்டுலயும்தான். மாத்தாதீங்க.’ திருத்த வர்ற பையன் முதல்ல பாக்கறது அதைத்தான். பாதிப் பேர் அங்கயே திரும்பிருவாங்க.

தலைப்பு வரியைத் தொட்டா மட்டும் உஷாராயிருங்க. கிட்ஹப் தலைப்புல இருக்கற எழுத்தை வெச்சேதான் அந்த இடத்துக்கு இணைப்பு முகவரி பண்ணுது. தலைப்புல ஒரு எழுத்தைத் திருத்தினா பக்கம் பளிச்சுனு ஆயிரும், ஆனா நீங்க பல்லடத்துக்காரருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிச்ச இணைப்பு, வேற பக்கத்துல இருந்து வர்ற இணைப்பு எதுவும் அந்த இடத்துக்குப் போகாது. பக்கம் திறக்கும், மேலயே நிக்கும். யாரும் பிழைன்னு சொல்லவும் மாட்டாங்க. திருத்தோணும்னா பழைய பேர்ல ஒரு ஆங்கரை (இணைப்பு வந்து நிக்கிற குறி) கையால போட்டுட்டுத் திருத்துங்க.

அடுத்தது, மென்பொருள் திரைல காட்டற இங்கிலீஷ் வாசகங்கள். உங்களுது கெட்டெக்ஸ்ட்ங்கற மொழிபெயர்ப்புக் கருவில ஓடுதான்னு தெரியாது. ஓடுச்சுன்னா, மூல வாசகத்துல ஒரு கமாவை எடுத்தாக்கூட, அடுத்த தடவை மொழிபெயர்ப்புக் கோப்பைப் புதுப்பிக்கறப்ப அந்த வாசகத்துக்கு எல்லா மொழிலயும் ‘ஃபஸி’ன்னு (மறுக்கா சரி பாக்கோணும்னு) குறி விழுந்துரும். யாராவது உக்காந்து பாத்து அதை எடுத்து விடற வரைக்கும் நம்ம தமிழ் காணாமப் போயி இங்கிலீஷே திரைல நிக்கும். இங்கிலீஷ்காரருக்கு ஒரு கமா. எங்களுக்கு ஒரு ராத்திரி வேலை. நான் இதைப் பத்தி மெயிலிங் லிஸ்ட்ல சண்டையே போட்டிருக்கேன், அதை விடுங்க.

இதெல்லாம் போக மிச்சம் இருக்கறதுதான் புள்ளி, கமா, ஸ்பேஸ். அதுல பேச்சே வெச்சுக்காதீங்க. ‘தம்பி, இந்த வரியையும் சேத்து மாத்து’ன்னு எழுதி, அவன் பரீட்சை எழுதிட்டு வந்து மாத்தி, நீங்க மறுக்கா பாத்து... ஒரு கமாவுக்கு ஒரு மாசம் ஓடிரும். மெயின்டெய்னர் திருத்தலாம்ங்கற அனுமதி 2016-ல இருந்து கிட்ஹப்ல இருக்குது. அனுப்பினவர் அந்த டிக்கை எடுக்காம விட்டிருந்தா நீங்களே அவரோட கிளைல மாத்திட்டு மெர்ஜ் பண்ணிருங்க. அவர் பேரும் கமிட்ல (மாற்றப் பதிவுல) நிக்கும், உங்களுக்கும் சோலி முடியும்.

புள்ளி வெக்கிறதும் எடுக்கறதும் சண்டை வர்றதுக்குக் காரணம் நீங்க ஒரு முடிவு எழுதி வெக்காததுதான். பட்டியல் வரிக்குப் புள்ளி உண்டா இல்லையா, ஒரே வரில எழுதி வெச்சுருங்க. அப்புறம் எதிர்த்து வர்றதை அந்த வரியைக் காட்டி மூடலாம், யாருக்கும் வருத்தம் இருக்காது. இங்கிலீஷ் எழுத்துப்பிழைக்கு கோட்ஸ்பெல்னு ஒரு கருவி இருக்குது. ஒருக்கா நீங்களே ஓட்டி எல்லாத்தையும் ஒரே கமிட்ல திருத்திருங்க. பசங்களும் அதைத்தான் ஓட்டிப் பாத்துட்டு ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொரு பிஆரா அனுப்பறாங்க. கிணத்துல தண்ணி இல்லைன்னா யாரும் வாளி தூக்கிட்டு வரமாட்டாங்க.

பெரிய புராஜெக்ட்டுங்க என்ன பண்றாங்கன்னும் பாத்துக்கலாம். பைத்தான் மொழி புராஜெக்ட்ல எழுத்துப்பிழைக்கெல்லாம் இஷ்யூ (இன்ன பிரச்சினைன்னு எழுதற பதிவு) திறக்க வேண்டாம், மாற்றக் குறிப்பும் எழுத வேண்டாம். ரெண்டையும் தாண்டிப் போக ரெண்டு லேபிள் வெச்சிருக்காங்க. ரஸ்ட் மொழி புராஜெக்ட்ல ஒரு மெர்ஜுக்கு முழு டெஸ்ட் ஓட மணிக்கணக்காகும். அதனால ஆவணத் திருத்தம் மாதிரி ஆபத்தில்லாததையெல்லாம் ‘ரோல்அப்’னு ஒட்டுக்காக் கட்டி ஒரே தடவை டெஸ்ட் ஓட்டி உள்ள விடுவாங்க. உங்களுக்கும் அதுதான் தோது. வந்தது வந்தபடி கிடக்கட்டும், மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒட்டுக்காப் பாருங்க. தெனமும் ராத்திரி அனுமதிப் பட்டனை அமுக்கிட்டு உக்காந்திருக்க உங்களுக்கு யாரும் கூலி குடுக்கறதில்லை.

டிஃப் (அந்தச் சிவப்பு பச்சை ஒப்பீடு) பாக்கறப்ப இன்னொண்ணு. பத்தி முழுசும் ஒரே வரியா எழுதி வெச்சிருந்தீங்கன்னா ஒரு எழுத்து மாறினாலும் பத்தியே சிவப்பாத் தெரியும். ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரில ஆரம்பிங்க. பிரையன் கெர்னிகன் 1974-லயே யுனிக்ஸ் இயங்குதளம் கத்துக்கறவங்களுக்குச் சொன்ன புத்திமதிங்க இது, இன்னும் ஆகுது.

இப்ப சோமனூர் சோமனூர். வாத்தியார் சார், அதை ஸ்பேம்னு சொல்லிராதீங்க. ‘சோ’ல இருக்கற ஓகாரக் குறியை யுனிகோடுல ரெண்டு விதமா எழுத முடியும். ஒரே குறியா எழுதினா, கோப்புல சேமிக்கிற யுடிஎஃப்-8 முறைல 3 பைட். ஏகாரக் கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டா எழுதினா 6 பைட். திரைல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், ஆனா கிரெப்ங்கற தேடற கருவிக்கு ரெண்டும் வேற வேற. ‘கொ’வுக்கும் இதே கதை. பழைய எழுத்துருல அடிச்சதை யுனிகோடுக்கு மாத்தற சில கருவிங்க இப்படி ரெண்டாப் பிச்சுத் தள்ளிவிடும். உங்க ஊர்ப் பட்டியல் எங்கிருந்தோ ஒட்டினதா இருக்கும்னு நெனைக்கறேன்.

சோதிக்கிறது சுலபம். பழைய கோப்போட அளவு என்ன, புதுசோட அளவு என்னன்னு பாருங்க. குறைஞ்சிருக்கற பைட் மூணால மீதியில்லாம வகுபட்டா இதுவா இருக்கலாம். நிச்சயமாத் தெரியோணும்னா பைத்தான்ல யுனிகோடுடேட்டா மாட்யூலை எடுத்து, பழைய கோப்பை என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிஞ்ச குறியை ஒண்ணாச் சேத்து எழுதற வடிவம்) நார்மலைஸ் பண்ணுங்க. வர்றது புதுக் கோப்போட அட்சரம் பிசகாம ஒத்துப் போச்சுன்னா, அந்தப் பிஆர் வேற எதையும் தொடலைன்னு அர்த்தம். அம்பது வரியையும் கண்ணால ஒப்பிட வேண்டிய வேலையே இல்லை.

லினக்ஸ் கெர்னலுக்குச் சில்லறைத் திருத்தம் அனுப்பறதுக்குன்னே ஒரு காலத்துல தனி மெயில் முகவரி இருந்துச்சு. எதெல்லாம் அனுப்பலாம்னு போட்டிருந்த பட்டியல்ல ‘கிரெப்ல தேடினா அகப்படாமப் பண்ற எழுத்துப்பிழை’ன்னும் ஒண்ணு உண்டு. இந்தப் பையன் அனுப்பினது சுத்தமா அந்த ரகம். பையனோ பொண்ணோ, கூப்பிட்டு ஒரு காப்பி வாங்கிக் குடுங்க.

----------

மூணாம் வருசம் (சத்தியமங்கலம்):

அக்கா எழுதினதைப் படிச்சுட்டு நானும் ஒண்ணு சொல்லலாம்னு வந்தேனுங்க. சார் சொல்ற ‘பசங்க’ள்ல நானும் ஒருத்தி.

நான் மொதல் மொதல்ல அனுப்பினது டி-சர்ட்டுக்கு இல்லைங்க சார். பெரிய புராஜெக்ட் ஒண்ணுல, நிறுவறதுக்குப் போட்டிருந்த கட்டளைல ஒரு ஆப்ஷனை எப்பவோ எடுத்துட்டாங்க. ஆவணத்துல மட்டும் அப்படியே நின்னுது. நான் மாட்டி முழிச்சேன், திருத்தி அனுப்பினேன். ரொம்ப நாளைக்கு யாரும் எதுவும் சொல்லலை. அப்புறம் ஒரு பாட் (தானா ஓடற நிரல்) வந்து ‘அசைவில்லாமக் கிடக்குது’ன்னு மூடிட்டுப் போயிருச்சு. வேண்டாம்னு ஒரு மனுசர் சொல்லியிருந்தாக்கூட ஏன்னு கேட்டிருப்பேன். அந்தக் கட்டளை இன்னும் தப்பாத்தான் இருக்குது.

இன்னொண்ணுங்க. ‘புதியவர்களுக்கேத்த வேலை’ன்னு லேபிள் ஒட்டி நீங்க வெக்கிறதே எழுத்துப்பிழையாத்தான் இருக்குது. அப்புறம் எழுத்துப்பிழையாவே அனுப்பறோம்னு திட்டினா எப்படிங்க? எங்க மாமாவுக்கு மங்கலத்துல தறி இருக்குது. உங்க மென்பொருளை அவரோட கம்ப்யூட்டர்ல வழிகாட்டியைப் பாத்தே நிறுவிப் பாத்தேங்ணா. பாவு வரவு எழுதற பக்கத்துக்குப் போட்டிருக்கற படத்துல, சேமிக்கிற பட்டன் கீழ இருக்குது. இப்ப மென்பொருள்ல அது மேல போயிருச்சு. மாமா கீழயே தேடிட்டு உக்காந்திருந்தாரு. ‘புதுக் கம்ப்யூட்டர்ல வழிகாட்டிப்படி நிறுவு, எங்க நிக்குதோ அங்க எழுது’ன்னு ஒரு வேலை குடுத்தீங்கன்னா எங்க வகுப்புல பாதிப் பேர் பண்ணுவோம். எல்லார் வீட்டுலயும் தறியோ பனியன் யூனிட்டோ ஏதோ ஒண்ணு இருக்குதே.

----------

பெருந்துறை வாத்தியார்:

இந்தப் பாட் மூடற கொடுமையை நானும் பாத்திருக்கேன் அம்மிணி. சரி, ஸ்பேம் லேபிளை மட்டும் வாபஸ் வாங்கிக்கறேன். விதி எழுதி வெக்கோணும்ங்கறதுல மாத்தம் இல்லை.

----------

தறிச்சத்தம் (சோமனூர்):

அக்கா, நீங்க சொன்னபடியே பாத்தேன். பழைய கோப்பை நார்மலைஸ் பண்ணினா புதுக் கோப்பு அட்சரம் பிசகாம வருது. அந்தப் பட்டியலைப் பழைய பிடிஎஃப் ஒண்ணுல இருந்து எடுத்து ஒட்டினதுதான். இதுவரைக்கும் கிரெப்ல தேடினா சோமனூர் அகப்படாது, இப்ப அகப்படுது. மெர்ஜ் பண்ணி, என்ன சோதிச்சேன்னு ஒரு வரி எழுதிட்டேன். இனிமேல் தமிழ்க் கோப்பு எது வந்தாலும் என்எஃப்சில இருக்குதான்னு டெஸ்ட்லயே பாக்கற மாதிரி சேத்தாச்சு.

தங்கச்சி, அந்தப் படம் மாத்தற பிஆரை நீயே அனுப்பு சாமி. உங்க மாமா வேற எங்கெங்க நின்னாரோ அதையும் ஒரே பிஆர்ல சேத்துரு, படமா இருந்தாலும் சரி, வெறும் எழுத்தா இருந்தாலும் சரி. நிறுவிப் பாத்து எழுதற வேலையை இன்னிக்கே இஷ்யூவாத் திறந்து வெச்சுடறேன்.

கடைசியா ஒரு சந்தேகமுங்க. வழிகாட்டி மட்டும் மாறினா முழு டெஸ்ட்டும் ஓட வேண்டாமேன்னு, ஒர்க்ஃப்ளோல (டெஸ்ட்டை எப்ப ஓட்டோணும்னு எழுதற கோப்பு) வழிகாட்டி இருக்கற டாக்ஸ் ஃபோல்டரை, ‘இது மட்டும் மாறினா ஓட்டாதே’ங்கற பாத்ஸ்-இக்னோர்ல போட்டுப் பாத்தேன். டெஸ்ட் ஓடறதில்லை, நல்லதுதான். ஆனா மெர்ஜ் பட்டனும் திறக்க மாட்டேங்குது, ‘பெண்டிங்’னே நிக்குது. இதுக்கு என்ன பண்றதுங்க?

----------

பவானிக்கரை (கோபி):

அந்த டெஸ்ட்டைக் கட்டாயம்னு குறிச்சு வெச்சிருப்பீங்க. பாத்ஸ்-இக்னோர் போட்டா ஒர்க்ஃப்ளோவே கிளம்பறதில்லை, அதனால பதில் வரும் வரும்னு கிட்ஹப் காத்துக்கிட்டே நிக்கும். ஒர்க்ஃப்ளோவை எப்பவும் கிளம்ப விடுங்க. உள்ள இருக்கற ஜாப்ல இஃப் நிபந்தனை போட்டு, டாக்ஸ் மட்டும் மாறியிருந்தா ஜாப்பைத் தாண்டற மாதிரி எழுதுங்க. அப்படித் தாண்டின ஜாப்பை கிட்ஹப் தேறினதாவே எடுத்துக்கும், பட்டன் திறந்துரும். என்எஃப்சி சோதனையை மட்டும் தனி ஜாப்பா வெச்சுக்கங்க. அது டாக்ஸ் மாறறப்பத்தான் முக்கியமா ஓடோணும், அதையும் சேத்துத் தாண்ட விட்டுறாதீங்க.